அடிக்கிறவர் என்பதற்கு ஆங்கிலம்

மிஸ் கோடு போடும் அடிமட்டத்தின் தட்டையான பக்கத்தால் அடிப்பதில்லை. விளிம்பால் அடிப்பார். தட்டையாக அடித்தால் சத்தம் வரும், நோவு வராது என்பது அவர் கணக்கு. விளிம்பால் அடித்தால் மரம் சத்தம் போடாது. அடி வாங்கியவர் போடுவார்.

அடி வாங்கியவர்கள் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். உரும்பிராயில் பெரிய வீதியை ஒட்டிப் பூட்டிக் கிடந்த உரக்கடை ஒன்றின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே நடந்த அந்த ஆங்கில வகுப்புக்கு வளர்ந்தவர்கள்தான் வந்தார்கள். ஓட்டோ ஓட்டும் குணம், வங்கியில் காசாளராக இருந்த ஒருவர், வெளிநாடு போவதற்குப் பரீட்சை எழுதக் காத்திருந்த பெண்கள், பத்திரிகையில் வேலை செய்ததால் மிஸ்ஸின் வாயில் 'பேப்பர்' ஆகிவிட்ட நான். எனக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. மிஸ்ஸுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. அது அவரைத் தடுக்கவில்லை.

"கையை நீட்டும், பேப்பர்."

"மிஸ், நான் என்ன சொன்னனான் எண்டா..."

"நீட்டும். 'நேற்று வந்தனான்' எண்டதுக்கு 'ஐ ஆம் கம்மிங் யெஸ்டர்டே' எண்டு சொன்ன வாய்க்கு அடிக்கேலாது. அதாலை கைக்கு."

நீட்டினேன். எல்லோரும் நீட்டினோம். அவரிடம் படித்தவர்கள் பரீட்சையில் தேறினார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவர் முன்னால் நிற்கும்போது மறுப்பதற்கு வேண்டிய சொல் எந்த மொழியிலும் வாய்க்கு வராது. குருநகர்க் கடற்கரையில் பிறந்தவர். அகன்ற தோள், காற்றுக்கு எதிராகக் கூப்பிட்டுப் பழகிய குரல், கழுத்தில் சின்னச் சிலுவை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுவார்.

உச்சரிப்புப் பிழையை அவர் பெரிதுபடுத்தமாட்டார். எழுத்துப் பிழைக்கு உறுமுவார். காலப் பிழைக்குத்தான் அடி. ஒரு வசனத்தைக் கேட்டு அது எப்போது நடந்தது என்று தெரியாவிட்டால் அவருடைய கழுத்து நரம்பு புடைக்கும்.

"எப்ப?" என்று கத்துவார். "ஆர் செய்தது, ஏன் செய்தது எல்லாம் பேந்து பாப்பம். எப்ப? அதைச் சொல்லும் முதல்."

குணம் முதல் நாளே மாட்டிக்கொண்டார். தொழிலைப் பற்றி ஒரு வசனம் சொல்லச் சொன்னார் மிஸ். குணம் எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, 'ஐ யூஸ்ட் டு ட்ரைவ் ஓட்டோ' என்றார்.

"அப்ப இப்ப என்ன செய்யிறீர்?"

"இப்பவும் ஓட்டோதான் மிஸ். வெளியிலை நிக்குது."

"வெளியிலை நிக்கிறது ஆற்றை ஓட்டோ? நீர் வித்துப்போட்டீர். நீர் விக்காட்டிலும் உம்மடை வசனம் வித்துப்போட்டுது. நீட்டும் கையை."

குணம் மட்டும் செய்த பிழை அல்ல அது. எங்கள் ஊர்ப் பேச்சில் 'நான் ஓட்டோ ஓடுறனான்' என்றால் முன்பு ஓட்டினேன் என்றும் பொருள், இன்றும் ஓட்டுகிறேன் என்றும் பொருள். 'அவர் வாறவர்' என்றால் ஒருகாலத்தில் வந்துபோன ஆளாகவும் இருக்கலாம், நாளைக்கும் வரப்போகிற ஆளாகவும் இருக்கலாம். கேட்பவருக்கு ஆளையும் இடத்தையும் பார்த்து விளங்கிவிடும். இந்த 'றவர்', 'றனான்' எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'யூஸ்ட் டு' என்று எப்போதோ யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணம் அதைப் பிடித்துக்கொண்டது.

"இந்த 'றவர்' எண்டது இடுப்பிலை கட்டுற சாரம் மாதிரி," என்றார் மிஸ். "ஆருக்கும் அளவாயிருக்கும். வெள்ளைக்காரன் சாரம் கட்டுறேல்லை. காலுக்கு வேறை, இடுப்புக்கு வேறை அளவெடுத்துத்தான் தைப்பான். 'யூஸ்ட் டு' எண்டா முந்தி நடந்தது, இப்ப இல்லை. முடிஞ்சுது. பெட்டி மூடி ஆணியும் அடிச்சாச்சு."

"ஒரு உதாரணம் சொல்லுங்கோ மிஸ்," என்றார் காசாளர்.

"எங்கடை அப்பர் திருக்கை வாலாலை அடிக்கிறவர். 'மை ஃபாதர் யூஸ்ட் டு பீட் மீ.' இது சரியான வசனம். ஏன் சரி?"

மிஸ் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுத் தானே சொன்னார்.

"ஆள் செத்துப்போச்சு. அதாலை சரி. அந்தாள் மூச்சு விட்டுக்கொண்டு இருந்த கடைசி நாள் வரைக்கும் இந்த வசனம் பிழை."

திருக்கை மீனின் வாலைக் காயவைத்தால் முள்ளுச் சவுக்குப்போல ஆகும். கரையோர வீடுகளில் அதைக் கூரைக்குள் சொருகி வைப்பார்கள். மிஸ் சேலையை இன்னும் சற்றுத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். தோல் வரிவரியாகத் தடித்துக் கிடந்தது. உயிரெழுத்துக்கு முன்னால் 'ஆன்' வரும் என்று சொல்லும் அதே குரலில்தான் இதையும் சொன்னார். பிறகு அவர் மட்டும் சிரித்தார்.

அவருடைய கோபத்தை வகுப்புக்கு வெளியே ஒருமுறை பார்த்திருக்கிறேன். நண்பகல், யாழ்ப்பாணப் பஸ் நிலையம். வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் இடுப்பில் ஓர் ஆள் கைவைத்தான். மிஸ் பின்னால் நின்றிருந்தார். குடையை மடக்கி அதன் பிடியால் அவன் காதில் அடித்தார். குனிந்தான். மறுபடி அடித்தார். விழுந்தான். சனம் கைதட்டியது. மிஸ் நிறுத்தவில்லை. அவன் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு அடியில் புகப் பார்த்தபோது காலைப் பிடித்து வெளியே இழுத்து அடித்தார். குடைக் கம்பி அவன் காதுமடலைக் கிழித்தது. கைதட்டியவர்கள்தான் பிறகு அவரைப் பிடித்து இழுத்தார்கள்.

பொலிஸ் காவலரணில் அவர் பக்கத்தில் நின்று செய்திக்குக் குறிப்பு எடுத்தேன். பொலிஸ்காரர் அவருக்குச் சார்பாகத்தான் கேட்டார்.

"ஆள் விழுந்த பிறகும் அடிச்சனீங்களோ மிஸ்?"

"ஓம். விழ முந்தியும் அடிச்சனான். விழுந்த பிறகும் அடிச்சனான். இழுத்துப்போட்டும் அடிச்சனான்."

"அதையெல்லாம் சொல்லவேண்டாம். தற்காப்புக்கு அடிச்சதெண்டு சொல்லுங்கோ, காணும்."

"தற்காப்பு முதல் அடியோடை முடிஞ்சுது," என்றார் மிஸ். "மிச்சம் நான் அடிச்சது."

மறுநாள் 'துணிச்சல் மிக்க ஆசிரியை' என்று தலைப்பு வந்தது. கிழிந்த காதுக்கு அந்தச் செய்தியில் இடம் கிடைக்கவில்லை.

வதனி வகுப்பில் சேர்ந்தது அந்த மாரியில். மெலிந்த உடம்பு. வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கணவன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பான். சீமெந்தை அச்சில் வார்த்துக் கல் அரியும் இடம் வைத்திருந்தான். விரல்கள் வெடித்து, சீமெந்து ஊறிச் சாம்பல் நிறமாக இருக்கும். இங்கிலாந்தில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். மனைவி ஆங்கிலப் பரீட்சையில் தேறினால் கணவனும் கூடப் போகலாம். அவன் லண்டன் போவதும் போகாததும் வதனியின் வாயில் இருந்தது. அந்த வாயை அவன் எப்படிப் பழக்கினான் என்பது சில நாட்களில் அவளுடைய உதட்டில் தெரியும்.

"வழுக்கி விழுந்திட்டன் அக்கா," என்பாள், பக்கத்தில் வாங்கில் உட்கார்ந்திருப்பவர் கேட்டால்.

மிஸ் அவளுக்கும் அடித்தார். எங்களில் சிலர் அடி விழுமுன் கண்ணை மூடுவோம். சிலர் 'அம்மா' என்போம். வதனி இமைக்கவில்லை. அடிமட்டம் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், யாருக்கோ விழும் அடியைப் பார்ப்பதுபோல.

"நல்லா அடியுங்கோ மிஸ்," என்றான் கணவன் யன்னல் கம்பிகளுக்கு வெளியே நின்று. "அடிச்சாத்தான் இவவுக்கு ஏறும். வீட்டிலை நானும் சொல்லிக்குடுக்கிறனான்."

மிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தார். அன்று மேற்கொண்டு ஒருவருக்கும் அடிக்கவில்லை.

பரீட்சைக்கு முன் ஒத்திகை நடந்தது. மிஸ் வெள்ளைக்காரப் பரீட்சகர்போல மேசைக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். ஒவ்வொருவராக முன்னால் போய் நிற்க வேண்டும். உங்களுடன் வசிக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்பது வதனிக்கு வந்த கேள்வி. கணவன் யன்னலில் முழங்கையை ஊன்றி நின்றான்.

'மை ஹஸ்பண்ட் இஸ் எ ஹார்ட் வேர்க்கிங் மான்,' என்று தொடங்கினாள் வதனி. கணவனுக்கு 'ஹார்ட் வேர்க்கிங்' தெரியும். தலையாட்டினான். 'ஹீ கெட்ஸ் அப் ஏர்லி. ஹீ மேக்ஸ் சிமெண்ட் பிளொக்ஸ். ஹீ யூஸ்ட் டு பீட் மீ.'

அதற்கும் அவன் தலையாட்டினான்.

மிஸ் அடிமட்டத்தை எடுக்கவில்லை. தமிழுக்கும் மாறவில்லை. 'வென்?' என்று ஆங்கிலத்திலேயே கேட்டார், பரீட்சகரின் குரல் மாறாமல்.

'டெய்லி, மிஸ்.'

'யெஸ்டர்டே?'

'யெஸ்டர்டே ஆல்ஸோ யூஸ்ட் டு, மிஸ்.'

குணம் சிரித்துவிட்டார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

'டுடே?'

'டுடே மோர்னிங் ஆல்ஸோ யூஸ்ட் டு.'

யன்னலில் நின்றவன் எங்களையெல்லாம் பார்த்துப் பெருமையாகச் சிரித்தான். மனைவி கேள்விக்கு உடனுக்குடன் மறுமொழி சொல்கிறாள். லண்டன் கிட்ட வருகிறது.

'டோன்ட் ஸே யூஸ்ட் டு,' என்றார் மிஸ் மெதுவாக. 'ஸே, ஹீ பீட்ஸ் மீ. இஃப் யூ ஸே யூஸ்ட் டு, தே வில் செண்ட் யூ ஹோம்.'

வதனி யன்னலைப் பார்த்தாள். சொல்லாமலே தன் இடத்துக்குத் திரும்பினாள்.

வகுப்பு முடிந்ததும் மிஸ் அடிமட்டத்தோடு வேப்பமரத்தடிக்குப் போனார். நாங்கள் வாசலில் நின்றோம்.

"உமக்கு இங்கிலீசு விளங்குமோ?"

"எங்கை மிஸ், இவவை நம்பித்தானே இருக்கிறன்."

மிஸ் அடிமட்டத்தின் விளிம்பால் அவனுடைய மோட்டார் சைக்கிள் கண்ணாடியை அடித்தார். கண்ணாடி நொருங்கியது. அடிமட்டமும் இரண்டாக முறிந்தது.

"என்ன மிஸ் இது!"

"உடைச்சனான். பொலிசிலை போய்ச் சொல்லும். நான் ஓம் எண்டு சொல்லுவன். ஏன் உடைச்சதெண்டும் சொல்லுவன்."

அவன் சண்டைக்கு வரவில்லை. வதனி தேறும்வரை மிஸ் அவனுக்குத் தேவைப்பட்டார். கண்ணாடித் துண்டுகளைச் சப்பாத்தால் ஒதுக்கிவிட்டு, வதனியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். போகும்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை.

அடுத்த வகுப்புக்கு வதனி வரவில்லை. குணம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

"மிஸ், உந்தக் கண்ணாடிக்கு ஆர் அடி வாங்கியிருப்பினம் எண்டு யோசிச்சனீங்களோ?"

மிஸ் கையில் பலகை துடைக்கும் கட்டை இருந்தது. எறிந்தார். மரப்பக்கம் குணத்தின் புருவத்தில் பட்டது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. காசாளர் எழுந்து வெளியே போனார், பிறகு வரவேயில்லை. மிஸ் போய்த் தன் சேலைத் தலைப்பைச் சுருட்டிக் குணத்தின் புருவத்தில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்கவில்லை.

"நீர் சொன்னது சரி," என்றார். "அதுக்குத்தான் எறிஞ்சனான்."

அந்த இரத்தம் காயுமுன் வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வதனியின் கணவன் உள்ளே வந்தான். சட்டையில் ஆஸ்பத்திரி மருந்து மணம்.

"மிஸ், ஒரு உதவி. இவ குளிக்கிற இடத்திலை வழுக்கி விழுந்து கையை முறிச்சுப்போட்டா. வந்த டொக்டர் சிங்களப் பெடியன். தமிழ் தெரியாது. துருவித் துருவிக் கேக்கிறான். நீங்கள் ஒருக்கால் வந்து இங்கிலீசிலை, விழுந்ததுதான் எண்டு வடிவாச் சொல்லிவிடுங்கோ."

"வாறன்," என்றார் மிஸ்.

குணத்தின் ஓட்டோவில் போனோம். குணம் ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஓட்டினார். முன்னால் கணவனின் மோட்டார் சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

வதனி கட்டிலில் சாய்ந்திருந்தாள். இடது முன்கையை மட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அடியைத் தடுக்க உயர்த்திய கை அப்படித்தான் நடுவில் முறியும். நீதிமன்றச் செய்தி எழுதுகிற எனக்கே அது தெரியும், டொக்டருக்குத் தெரியாமல் இருக்காது. டொக்டர் இளைஞர், களைத்த கண்கள். தமிழ்த் தாதி ஒருவர் அருகில் நின்று, கணவனின் முகத்தைப் பார்த்தே ஒவ்வொரு மறுமொழியையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்திருப்பவர் வதனியின் ஆங்கில ஆசிரியை என்று தாதி டொக்டரிடம் சொன்னார். மிஸ் வாயைத் திறந்தபோது டொக்டர் கையை உயர்த்தித் தடுத்தார். 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலிஷ். லெட் ஹேர் ஸ்பீக்.' பிறகு வதனியின் பக்கம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார், உன் கணவன் உன்னை அடிப்பாரா என்று.

கணவன் கட்டிலின் கால்மாட்டில் கைகட்டி நின்றான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வதனிக்கு அது தெரியும். அவளுடைய வாழ்க்கையில் அவன் முன்னாலேயே உண்மையைச் சொல்லக்கூடிய இடம் ஆங்கிலம் ஒன்றுதான்.

'மை ஹஸ்பண்ட் யூஸ்ட் டு பீட் மீ, டொக்டர்.'

'ஐ ஸீ,' என்றார் டொக்டர். 'பட் நொட் நௌ?'

வதனி யோசித்தாள். 'நௌ' என்றால் அவளுக்கு இந்த நிமிடம். இந்த நிமிடம் அவன் அடிக்கவில்லை, சும்மா நிற்கிறான்.

'நோ, டொக்டர். நௌ நோ.'

டொக்டரின் தோள்கள் தளர்ந்தன. முறிவு வேறு கதை சொன்னாலும், அவள் வாயாலேயே எல்லாம் பழைய கதை என்றான பிறகு கேட்க ஒன்றும் இல்லை என்பதுபோலத் தலையசைத்தார். மட்டைக்கட்டோடு வீட்டுக்குப் போகலாம் என்று தாதியிடம் திரும்பினார். கணவன் அதற்குள் வதனியின் செருப்பைக் கட்டிலுக்குக் கீழே தேடத் தொடங்கிவிட்டான்.

மிஸ் வதனியின் கன்னத்தில் அறைந்தார்.

வார்ட் முழுவதும் திரும்பியது. அறையின் வேகத்தில் வதனியின் தலை சுவரில் இடித்தது.

"எப்ப?" என்று கத்தினார் மிஸ். "எப்பவடி? எப்ப?"

காவலாளி ஓடிவந்து மிஸ்ஸின் இரண்டு கைகளையும் பின்னால் முறுக்கிப் பிடித்தான். டொக்டரின் முகம் சிவந்துவிட்டது. கணவனுக்குத் தெய்வம் நேரில் வந்ததுபோல் இருந்திருக்கும்.

"பாருங்கோ சேர், பாருங்கோ!" என்று தமிழில் டொக்டரிடமே கத்தினான். "ஆர் அடிக்கிறதெண்டு இப்ப விளங்குதோ? வகுப்பிலையும் இவதான் அடிக்கிறவ. ஊருக்கே தெரியும்!"

தாதி அதை மொழிபெயர்த்தார். எல்லாம் உண்மை. அந்த அறையில் எல்லோரும் கண்ணால் கண்ட ஒரே அடி மிஸ்ஸின் அடி. டொக்டர் வதனியிடம் திரும்பி, கை நீட்டி மிஸ்ஸைக் காட்டி, இந்தப் பெண்ணா உன்னை அடிப்பது என்று கேட்டார்.

வதனி கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். முதலில் மிஸ்ஸைப் பார்த்தாள். அப்புறம் செருப்பும் கையுமாக நிமிர்ந்த கணவனைப் பார்த்தாள். 'ஓம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவனோடு வீட்டுக்குப் போகலாம்.

'மிஸ் பீட் மீ,' என்றாள். 'டுடே. யூ சோ. வன்.' ஒரு விரலை உயர்த்தினாள். பிறகு அதே விரலைக் கால்மாட்டுப் பக்கம் திருப்பினாள். 'மை ஹஸ்பண்ட் பீட்ஸ் மீ.'

அந்த 'ஸ்' நாங்கள் எல்லோரும் விழுங்குகிற ஒலி. அவள் அதைப் பல்லுக்கிடையில் வைத்துச் சீறினாள்.

'ஐ கோ ஹோம், டுமாறோ ஹீ பீட்ஸ் மீ. டே ஆஃப்டர் டுமாறோ ஹீ பீட்ஸ் மீ.'

நாளைக்கு நடக்கப்போவதை இறந்தகாலத்தில் போட ஒருவராலும் முடியாது. டொக்டர் நிமிர்ந்தார். காவலாளியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். காவலாளி மிஸ்ஸை விட்டுவிட்டுக் கணவனின் பக்கம் போனான். கணவன் செருப்பைக் கீழே போட்டான். "இவ என்ன சொன்னவ?" என்று தாதியிடம் கேட்டான். "இங்கிலீசிலை என்ன சொன்னவ?" தாதி இந்த முறை அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் எல்லோரிடமும் விசாரித்தார். நீங்களும் அடிச்சனீங்களோ என்று மிஸ்ஸிடம் கேட்டார்.

"அடிச்சனான்."

"அவவைப் பேச வைக்கத்தானே?"

"அதுக்கும்தான்," என்றார் மிஸ். "கோபத்திலையும் அடிச்சனான். எது எவ்வளவெண்டு எனக்குத் தெரியாது."

மிஸ்ஸின்மேல் முறைப்பாடு வேண்டாம் என்று வதனி சொல்லிவிட்டாள். கணவனைப் பிடித்து மறியலில் அடைத்தார்கள், பிறகு பிணை கிடைத்தது. வதனிக்குக் கிட்டப் போகக் கூடாது என்று நீதிமன்றம் கட்டளை போட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. வதனி கரவெட்டியில் தாயின் வீட்டில் இருக்கிறாள். பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். மிஸ்ஸிடம் திரும்பி வரவில்லை. மிச்சத்தை வேறொரு இடத்தில் படித்தாள்.

ஒரு வழக்குத் தவணை நாளில் நீதிமன்ற வாசலில் அவளைக் கண்டேன். கை நேராகியிருந்தது. அரைக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"மிஸ் உம்மை அடிக்கடி விசாரிக்கிறவ," என்றேன். "ஒருக்கால் வந்து பாத்திட்டுப் போமன்."

"வேண்டாம் அண்ணை."

"அண்டைக்கு அவ இல்லையெண்டால்..."

"தெரியும் அண்ணை. அவவாலைதான் தப்பினனான். அதை ஆரிட்டையும் சொல்லுவன்." கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்தாள். "ஆனா அவ அடிக்கிறவ. எனக்கு இனி ஏலாது."

அடுத்த வகுப்புக்குச் சற்று முன்னதாகப் போய் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் புது அடிமட்டத்தால் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தேறிவிட்டாள் என்றதும் முகம் மலர்ந்தது. மற்றதையும் சொன்னேன். கோட்டை முடித்துவிட்டுத் திரும்பினார்.

"'அடிச்சவ' எண்டு சொன்னாளோ, 'அடிக்கிறவ' எண்டு சொன்னாளோ?"

"அடிக்கிறவ."

"வடிவாக் கேட்டனீரோ?"

"கேக்கிறதுதானே மிஸ் என்ரை தொழில்."

"ம்," என்றார். வெண்கட்டித் தூளைச் சேலையில் துடைத்தார். "அப்ப அவளுக்கு நான் இன்னும் முடியேல்லை."

வகுப்பில் பாதிப் பேர்தான் மிஞ்சியிருந்தோம். ஆஸ்பத்திரிக் கதை பரவியதும் பெண்கள் நின்றுவிட்டார்கள். மிஸ் அன்று 'யூஸ்ட் டு'வின் மற்றக் கருத்தை எடுத்தார்.

"இதுக்கு முன்னாலை 'ஆம்', 'இஸ்', 'ஆர்' வந்தா கதை வேறை. பழகிப்போச்சு எண்டு அர்த்தம். இது முடிஞ்ச கதை இல்லை, இப்பத்தைக் கதை. இந்தத் தகரத்துக்குக் கீழை இருக்கிறியள், வெக்கை. அதை வைச்சுச் சொல்லும் பாப்பம், குணம்."

குணம் எழுந்தார். புருவத்தில் தழும்பு வெள்ளையாகியிருந்தது. 'ஐ யூஸ்ட் டு த ஹீட்,' என்றார். சொன்ன உடனேயே விட்ட சொல் நினைவுக்கு வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு தானாகவே கையை நீட்டினார்.

மிஸ் மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுக்கவில்லை.

"கையை எடும்," என்றார்.

குணம் எடுக்கவில்லை. மிஸ் பகிடி விடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"எடும் எண்டு சொன்னனான் எல்லே."

"பரவாயில்லை, போடுங்கோ மிஸ்," என்றார் குணம் சிரித்தபடி. பிறகு நிதானமாக, இந்த முறை ஒரு சொல்லையும் விடாமல், 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' என்றார்.

மிஸ் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வசனத்தில் பிழை இருக்கவில்லை.